கிணறுகளுக்கு மருந்து போடப்பட்டது

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். ரயில் நிலையக் குழாயில் பிடித்து வந்திருந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். பாதியைக் குடிக்க எடுத்து வைத்துவிட்டு மீதியில் முகச்சவரம் செய்தேன். இரண்டு தாளில் செய்தி எழுதினேன். ஏழரை மணி பாசஞ்சரில் கார்டிடம் உறையைக் கொடுத்தால் மதியம் சென்னைக்குப் போய்விடும். மறுநாள் காலை ரயிலில் அது அச்சாகித் திரும்பி வரும். பி.ஏ. படித்துவிட்டு ஆறு வருஷமாக நான் பார்க்கும் வேலை இதுதான். ஒரு தினசரிக்குத் திருத்தணி நிருபர்.

செய்தி ஒரு நாள் பிந்தும் என்பதால், நடக்கப்போவதை நடந்ததாகவே எழுதி அனுப்புவது வழக்கம். "காவடிகள் திரளாக வந்தன" என்று நான் எழுதும்போது காவடிக்காரர்கள் மணவூரில் ரயிலுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். இதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை.

1943 ஆடிக் கிருத்திகைக்கு முன்னும் அப்படித்தான் எழுதினேன்: "கிணறுகளுக்கு மருந்து போடப்பட்டது." சாயங்காலத்துக்குள் போட்டுவிடுவதாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஜெகநாதன் சொல்லியிருந்தார். எங்கள் தெருக் கிணற்றுக்குப் போடவில்லை. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் என் மனைவி வள்ளிநாயகி வாசலில் நின்று அந்தச் செய்தியைத் தெருப் பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். மூன்றாம் நாள் காலராவில் இறந்தாள். வயது இருபத்திரண்டு.

"முருகா என்று மும்முறை கூறி உயிர் நீத்தார்" என்று பத்திரிகையில் வந்தது. அதையும் நானே எழுதினேன். காலரா என்ற சொல்லை எழுதவில்லை.

அதன்பின் இரண்டு முறை ராஜினாமாக் கடிதம் அனுப்பினேன். திருவிழா முடியட்டும் என்று பதில் வந்தது. இந்த ஊரில் ஒரு திருவிழா முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

இது 1944. மீண்டும் ஆடிக் கிருத்திகை. நான் உறையை ஒட்டும்போது ஜெகநாதன் வந்தார்.

"இன்னா கஜபதி, மருந்து போட்டாச்சுன்னு ரெண்டு வரி சேத்துடுங்க."

"போட்டாச்சா?"

"சாயங்காலத்துக்குள்ள போட்டுடுவோம். ஆளுங்க பூரா மலைப்படிகிட்ட நிக்கிறாங்க. மேலதிகாரிங்க வேற கேட்டுகினே இருக்காங்க."

"போட்டப்புறம் எழுதறேன்."

"போன வருசம் எழுதும்போது மட்டும் கை வலிக்கலியா?"

அவர் போனதும் உறையைப் பிரித்து ஒரு தாள் சேர்த்தேன். "கனகம்மாசத்திரத்தில் இருவருக்குக் காலரா. திருத்தணியில் கிணறுகளுக்கு இன்னும் மருந்து போடப்படவில்லை." ஓடிப்போய் கார்டிடம் கொடுத்தேன்.

மாலையில் தெருக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மருந்து போட்டால் சில மணி நேரம் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அது தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை பத்திரிகை வந்தது. "கிணறுகளுக்கு மருந்து போடப்பட்டது. நமது நிருபர்." ஜெகநாதன் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்திருந்தார். என் வரிகளில் ஒன்றுகூட இல்லை.

கிணற்றடிக்குப் போனேன். எதிர்வீட்டு மணியம்மை வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள் குடங்களோடு நின்றார்கள்.

"இந்தத் தண்ணி வேணாம்மா. மருந்து போடல."

"இன்னா சார் நீங்க? போட்டாச்சுன்னு நீங்கதான எழுதிகீறீங்க? மருமவன் இப்பத்தான் படிச்சாரு."

"அது நான் எழுதல."

"நிருபர்னு போட்டுகீதாமே. நீங்க இல்லாட்டி வேற யாரு, மலை மேல நிக்கிறவரா?"

பெண்கள் சிரித்தார்கள். நான் கயிற்றைப் பிடித்தேன்.

"ஸ்டேஷன் குழாய்ல புடிச்சுக்குங்க."

"அவ்ளோ தூரம் யாரு நடப்பாங்க? காவடிக்குப் பதினோரு பேரு வந்துகீறாங்க. சோறு ஆக்கணும். வுடுங்க சார் கயித்த."

"போன வருஷமும் போடல. வள்ளி இதைத்தான் குடிச்சா."

மணியம்மையின் குரல் இறங்கியது. "அது அவங்க விதி சார். முருகா முருகான்னு சொல்லிகினே போன புண்ணியவதி. பேப்பர்லயே வந்துச்சே."

"அவ அப்படிச் சொல்லல. அதுவும் நான் எழுதினதுதான்."

அவள் இழுப்பதை நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

"பின்ன இன்னாதான் சொன்னாங்க?"

ஒரு வருஷமாக நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. இறந்த அன்று வள்ளிக்கு நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டாள். கூஜாவில் இருந்தது இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அதற்குள் மருந்து போடாத விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. டம்ளரில் ஊற்றிவிட்டு, கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

கயிற்றை விடாமல், அவள் சொன்னதை அப்படியே மணியம்மையிடம் சொன்னேன்.

"பயப்படாம குடுங்க. மருந்து போட்ட தண்ணிதானே."