கிருமிக்காகத் தராத மாத்திரை

பினாங்கு ரோட்டு மருந்துக்கடையில் பல வருடம் நின்று பழகியவர் ஹபீப் முகம்மது. எந்த மாத்திரை எதற்கு என்று தனக்குத் தெரியாததா என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

தொண்ணூற்றாறில் அவர் மனைவி சல்மாவின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப் வழியே பார்த்தபடி, சிப்புகளில் முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை அவளுக்கு. காலையில் விரல்கள் மடங்கவே மறுத்தன. டாக்டர் நாகநாதன் முடக்குவாதம் என்று சொல்லி, மற்ற மருந்துகளோடு மினோசைக்ளினும் கொடுத்தார். அவள் சில மாதம் சாப்பிட்ட பிறகுதான் ஹபீப் அந்த அட்டையைக் கவனித்தார்.

"இது கிருமி மாத்திரை லா. உனக்குத்தான் கிருமியே இல்லன்னு பிளட் டெஸ்ட்ல வந்திருச்சே. சும்மா தின்னா வயிறு கெட்டுப்போகும். நிறுத்து."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"ஏன், எனக்குத் தெரியாதா?"

சல்மா நிறுத்திவிட்டாள். டாக்டர் கேட்டபோதெல்லாம் சாப்பிடுவதாகத் தலையாட்டினாள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் வலக்கை விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயின. கம்பி கண்ணுக்குத் தெரிந்தது, கை அங்கே போகவில்லை. வேலையை விட்டாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "அந்த மருந்து ஒத்துவரல போல" என்று வருத்தப்பட்டார். ஹபீபால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன், டாக்டர். கிருமி இல்லாத எடத்துல அது எதுக்கு?"

நாகநாதன் கோபப்படவில்லை. "கிருமிக்காகக் கொடுக்கல, ஹபீப். வீங்கின மூட்டுல நம்ம உடம்பே ஒரு என்சைமைச் சுரக்குது. அது குருத்தெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடும். இந்த மருந்து அந்த என்சைமை அடக்கும், வீக்கத்தையும் தணிக்கும்."

"சாப்பிட்டிருந்தா விரல் தப்பிச்சிருக்குமா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் பலன் தராது. இவங்களுக்குப் பலன் கிடைச்சிருக்கலாம்."

வீடு திரும்ப இருவரும் ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் ஏறினார்கள். மார்க்கெட் நெருங்கும்போது சல்மாதான் வாயைத் திறந்தாள்.

"அந்த மாத்திரை சாப்பிட்டப்ப காலையில வலி கொறைஞ்சிருந்துச்சுங்க."

ஹபீப் திரும்பிப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"மருந்து விஷயத்துல உங்கள எதுத்துப் பேசணுமான்னு இருந்துட்டேன். பேசியிருக்கணும்."

மறுபடி மருந்து தொடங்கியது. வீக்கம் ஓரளவு வடிந்தது; சாய்ந்த விரல்கள் நிமிரவில்லை. கடைக்குக் கிளம்பும் முன் அவளுக்குத் தலை பின்னிவிட ஹபீப் பழகிக்கொண்டார். பின்னல் கோணலாகத்தான் வரும். அவள் ஒன்றும் சொல்வதில்லை. ஏதாவது சொன்னால் தேவலை என்று அவருக்கு இருக்கும்.