மலைத்தேனீ பற்றிய அத்தியாயம்

ஆகஸ்ட் பிறந்தால் இலங்கை மலைநாட்டு ஊரான எல்லவில் நிற்க இடம் இருக்காது. வெள்ளைக்காரர்கள் நாட்டில் அது கோடை விடுமுறை. ரயிலில் வந்து இறங்குவார்கள், காலையில் மலை ஏறுவார்கள், மத்தியானம் ஹோட்டல் முற்றத்தில் சாய்ந்து கிடந்து தடித்தடியான புத்தகங்களை வாசிப்பார்கள். ஜெபமலர் அறை துடைக்கும் ஹோட்டலின் முதலாளி அதைக் கவனித்து வைத்திருந்து, முன்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி போட்டார். யானை, சிறுத்தை, பறவை, பாம்பு என்று காட்டு உயிர்களைப் பற்றிய புத்தகங்களாக வாங்கி அடுக்கினார். 'கோடை வாசிப்பு' என்று இங்கிலீசில் ஒரு பலகை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'விருந்தினர்களுக்கு மட்டும்.'

எல்லாம் இங்கிலீசும் ஜெர்மனும். ஒன்றே ஒன்று தமிழ். கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அறையில் விட்டுப்போனது. தலையணைக்கு அடியிலிருந்து அதைக் கண்டெடுத்து ஆபீசில் கொடுத்ததே ஜெபமலர்தான். மலைக்காடுகளில் பல வருடம் அலைந்த யாரோ ஒருவர், அங்கே பார்த்த பூச்சிகளையும் பறவைகளையும் பற்றி எழுதியிருந்தார். கொடுப்பதற்கு முன் புரட்டியபோது ஒரு படம் அவளை நிறுத்தியது. உயரமான கிளையிலிருந்து பாதி நிலா மாதிரி தொங்கும் ஒரு கறுத்த கூடு.

அந்தக் கூட்டை அவளுக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன், அவளும் பக்கத்து லயத்து வீட்டுத் தனலெட்சுமியும் தோட்டத்தின் ஏழாம் நம்பர் தேயிலை மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மரத்தில் கூடு தொங்குகிறது என்று காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதே பெண்கள் சொன்னார்கள். கொழுந்து முற்றிவிடும், போங்கள் என்றார் கணக்கப்பிள்ளை. போனார்கள். வெயில் ஏறிய நேரத்தில் குளவி கலைந்தது. ஜெபமலர் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். தனலெட்சுமி வரவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் தோட்டத்தில் சொன்ன பதில் இதுதான்: அந்தப் பொம்பிளை தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தாள், வாசத்துக்குக் குளவி வந்துவிட்டது. கூட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கொஞ்ச நாளில் லயத்து ஆட்களும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். தனலெட்சுமியின் மகள் சிவசக்தி அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், பூ வைத்துக்கொண்டு போகாதே என்று அவளிடமே புத்தி சொன்னார்கள். ஜெபமலர் அதற்குப் பிறகு தேயிலை மலை ஏறவில்லை. பஸ் பிடித்து எல்லவுக்கு வர ஆரம்பித்தாள்.

அந்த அத்தியாயத்தை வாசிக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. விருந்தினர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, துடைக்கும் துணியைத் தோளில் போட்டபடி அலமாரி ஓரம் நின்று இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று வாசித்தாள். குளவி என்று மக்கள் சொல்வதில் பாதி உண்மையில் மலைத்தேனீ என்றிருந்தது. அது கொட்டினால் கொடுக்கை விட்டுவிட்டுத் தானும் செத்துப்போகுமாம். கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாடைதான் மற்றத் தேனீக்களையும் அழைக்குமாம். 'அவை ஏன் கலைகின்றன' என்ற பகுதிக்கு அவள் வந்தபோது மேனேஜர் கிருபாகரன் பின்னால் வந்து நின்றான்.

பதுளை டவுன்காரன், முப்பது வயது ஆகியிருக்காது. கெட்டவனில்லை, முதலாளிக்குப் பயந்தவன். புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கினான். கெஸ்ட் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். ஈரக் கையோடு புத்தகத்தைத் தொடலாமா என்றான். ஜெபமலர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள், உலர்ந்துதான் இருந்தன. அவன் பார்க்கவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. 'அவை ஏன் கலைகின்றன' என்ற தலைப்பையே வீடு வரைக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு லீவு. நத்தார் பண்டிகைக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு எல்லவுக்கு வந்தாள். வேலையாட்கள் நுழையும் பின்வாசலைத் தாண்டி, சுற்றிப்போய், முன்வாசல் படி ஏறினாள். முன்கூடத்தில் ஜன்னலோர மேசை காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். அங்கே பரிமாறும் லரீபா வந்து ஒரு நிமிடம் திகைத்து நின்றாள். பிறகு மற்ற எல்லோரிடமும் கேட்பது மாதிரியே கேட்டாள்.

"வெறும் டீயா, பால் டீயா அக்கா?"

"பால் டீ. மேனேஜர் சாரையும் ஒருக்கா வரச் சொல்லு."

கிருபாகரன் வேகமாக வந்தான். ஆனால் குரலை ஏற்றவில்லை. "என்னக்கா இது? வெளிய வாங்க, பேசிக்கலாம்."

"வெளியில என்னா பேச. நான் இன்னிக்கு வேலைக்கு வரல சார், டீ குடிக்க வந்திருக்கேன். அந்தத் தமிழ்ப் புத்தகத்தக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"கெஸ்ட்டுக்கு மட்டும்னு போட்டிருக்கில்ல?"

"காசு குடுத்து ஒக்காந்தா கெஸ்ட்டுதானே. இல்லேன்னா, ரூம் தொடைக்கிறவ தொடக்கூடாதுன்னு பலகையில எழுதிப் போடுங்க. எழுந்து போறேன்."

பக்கத்து மேசையில் இரண்டு பேர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்கள். கிருபாகரன் அவர்களைப் பார்த்துச் சிரித்து வைத்தான். சாவியை எடுத்தான்.

ஜெபமலர் விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். தேன்பருந்து என்று ஒரு பருந்து உண்டாம். மலைத்தேனீயின் அடையைப் பிய்த்துத் தின்ன வருமாம். அது கூட்டில் பாய்ந்தால் தேனீக்கள் வெறிகொண்டு கிளம்பி, கீழே யார் நின்றாலும் கொட்டித் தீர்த்துவிடுமாம். அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. அன்று காலை தனலெட்சுமி நிரையில் நிமிர்ந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, பெரிய பருந்து ஒன்று சுத்துது பாரு என்று சொன்னாள். ஜெபமலர் கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமல் ம் கொட்டினாள்.

அடுத்த பக்கத்தில், சிலநேரம் கடுமையான வாசனைகளும் தேனீக்களைச் சீண்டக்கூடும் என்று இருந்தது.

அவள் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். இவரும் அதையே சொல்கிறாரே என்று எழுதினவர் மேல் கோபம் வந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு வெயிலில் கிடந்தது. சரி, தனலெட்சுமி பூ வைத்தாள் என்றே இருக்கட்டும் என்று யோசித்தாள். பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள், கல்யாண வீட்டுக்குப் போனாள், ஒன்றும் நடக்கவில்லை. கூடு தொங்கிய மரத்தடிக்கு அவளாகவா போனாள்? புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. அது தன்னிடம் இருக்கிறது என்று ஜெபமலருக்குத் தோன்றியது. மறுபடி திறந்து, பூக்கும் காலம் முடிந்ததும் தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பி வேறிடம் போய்விடும், அதுவரை விலகியிருந்தால் போதும் என்ற கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தபோது கிருபாகரன் வாசலில் நின்றான்.

"நாளைக்கு வேலைக்கு வர வேணாங்க்கா."

"வருவேன் சார். வேணாம்னா, புத்தகம் வாசிச்சதுக்காக நிப்பாட்டுறோம்னு எழுதிக் குடுங்க."

அவன் எழுதவில்லை. மறுநாள் காலை அவள் வந்து வாளியை எடுத்தாள். எல்லா அறைகளிலும் ஆள் இருந்தது, துடைக்க வேறு ஆள் இல்லை.

வாசித்ததை அவள் முதலில் சொன்னது சிவசக்தியிடம். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடம் நிறையும் வரை பருந்து, வாடை, கூடு என்று ஒன்று விடாமல் சொன்னாள். சிவசக்தி குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப பூ வச்சதுனால இல்ல, பெரியம்மா?"

"வச்சதுனாலேன்னாலும் ஒங்கம்மா மேல தப்பில்லடி. கூடு இருக்குன்னு சொன்னோம். சொன்ன பெறகும் அனுப்புனாங்க."

அது லயத்தில் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்குப் போனது. புத்தகத்தில் இருந்ததும் ஜெபமலர் சொன்னதும் கலந்து, கடைசியில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

மாதக் கடைசியில் மூன்றாம் நம்பர் மலையில் ஒரு கூடு கட்டியிருந்தது. பஸ்ஸுக்குப் போகும் வழியில் பெரட்டுக்களத்தில் சத்தம் கேட்டு ஜெபமலர் நின்றாள். அந்த மலைக்குப் போக மாட்டோம் என்று சிவசக்தி முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பேர் போட மாட்டேன், சம்பளம் இல்லை என்றார் கணக்கப்பிள்ளை. பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஆளை விட்டுக் கூட்டைக் கொளுத்திவிடலாம், இப்போது போங்கள் என்று அவர் இறங்கி வந்தார்.

"கொளுத்த வேணாம்," என்றாள் ஜெபமலர். நீ இப்போது தோட்டத்து ஆள் இல்லை, நீ யார் பேச என்று கணக்கப்பிள்ளை கேட்டார். "செத்தவளோட அதே நிரையில நின்னவ. அதுக மேல எங்களுக்குக் கோவம் இல்லீங்க. பூ முடிஞ்சா அதுவா போயிரும். இவங்களுக்கு வேற மலை குடுங்க."

ரோட்டில் அவளுடைய பஸ் போய்விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் வந்த பிறகு தோட்டத்துத் தொரை மோட்டார் சைக்கிளில் வந்து, மரத்தைத் தூரத்தில் நின்று பார்த்தார். இரண்டாம் நம்பர் மலைக்குப் போகச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் அரைப் பேர்தான், பாதிச் சம்பளம் என்றார். பெண்கள் கூடைகளை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். கூட்டை யாரும் தொடவில்லை.

ஜெபமலர் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி நாள் கழிந்திருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கிருபாகரன் கேட்டான். மறைக்காமல் சொன்னாள். அரைச் சம்பளம் பிடிக்க வேண்டியிருக்கும் என்றான்.

"புடிங்க சார்," என்றாள். "அங்க எல்லாருக்கும் பாதி புடிச்சிட்டாங்க."