சாப்பிட்டால் அழும் கண்

கல்யாணமான கையோடு என் கணவர் ஆல்பினின் சொந்தக்காரர்கள் எங்களை வீடு வீடாக விருந்துக்குக் கூப்பிட்டார்கள். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம், சொந்தத்துக்குப் பஞ்சமா? போன வீட்டிலெல்லாம் நான் அழுதேன். கறிக்குழம்புச் சோற்றை ஒரு வாய் மென்றதுமே இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிவிடும். ஒரு கண்ணில் மட்டும் யாராவது அழுவார்களா என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே!

காலேஜ் படிக்கும்போது எனக்கு முகவாதம் வந்தது. வாய் கோணி, இடது கண் மூடாமல் கிடந்து, மெல்ல மெல்லச் சரியானது. அதற்குப் பிறகுதான் இந்தச் சனியன் ஒட்டிக்கொண்டது. வலங்கைமானில் எங்கள் வீட்டில் அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள்.

நாத்தனார் அருள்ஜோதிதான் பற்ற வைத்தது. இந்தப் பெண் உண்மையாகவே அழுகிறாள், ஊரில் எவனையோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று மாமியார் காதில் போட்டாள். ஆல்பின் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். நரம்புக் கோளாறு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், நம்பவில்லை. என் அப்பாவை வரவழைத்து என்னை அனுப்பிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. வந்த ஆத்திரத்தில் மாமியாரையும் அவரையும் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டர் குந்தவை முன்னால் உட்கார வைத்தேன்.

டாக்டர் ஒரு தாளில் முகம் வரைந்தார். காதுக்குக் கீழே வெளியே வரும் நரம்பு கன்னத்துச் சுரப்பிக்குள் புகுந்து நெற்றிக்கும் கண்ணுக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் கழுத்துக்கும் கிளை விடுகிறதாம். அதற்கு முன்பே, எலும்புக்குள் வரும்போதே, கண்ணீருக்கு ஒரு கிளையும் எச்சிலுக்கு ஒரு கிளையும் பிரிந்துவிடுமாம்.

"அடிபட்ட நரம்பு மறுபடி வளரும்போது வழி மாறிடுச்சும்மா. எச்சிலுக்குப் போக வேண்டியது கண்ணீருக்குப் போயிடுச்சு. வாயில ஊறும்போது கண்ணுலயும் ஊறும். இது அழுகை இல்ல."

நம் மடைத் தண்ணீர் பக்கத்து வயலில் பாய்கிற மாதிரியா என்று மாமியார் கேட்டார். அதேதான் என்றார் டாக்டர்.

பாத்திமா மேரி அத்தை, அதாவது என் மாமியார், மோசமானவர் இல்லை. அடுத்த ஞாயிறே கோயில் வாசலில் நின்று, மருமகளின் நரம்புக் கதையைப் பார்த்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னார். சாப்பிடும்போது ஆல்பினே என் இடது கண்ணைத் துடைத்துவிடுவார். அப்பாடா என்றிருந்தது.

பிறகு உண்டானேன். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ஆல்பின் மண்டிக்குக் கிளம்பிவிட்டார். போனால் போகிறது, அடுத்தது நிற்கும் என்றார் அத்தை. அதோடு சரி, அந்தப் பேச்சே வீட்டில் இல்லை. யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு அழுதால் போதும் என்று தவித்தேன். இதையெல்லாமா கேட்டு வாங்குவது?

என்னைப் பார்க்க அருள்ஜோதி அண்ணி வந்திருந்த அன்று எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். தட்டில் சோறு விழுந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணி என்னையே பார்த்தார். அத்தை அவரிடம் அது நரம்பு, நீ சாப்பிடு என்றார். ஆல்பின் செல்போனிலிருந்து நிமிராமலே கையை நீட்டி என் இடது கண்ணை மட்டும் துடைத்துவிட்டார்.

"நான் இன்னும் ஒரு வாய்கூட சாப்பிடலைங்க" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. அத்தை என் தட்டைப் பார்த்தார். சோறு ஆறிடும், சாப்பிடு என்றார்.

அருள்ஜோதி அண்ணிதான் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"புள்ளைய நெனச்சு அழுவுறியா லின்சி?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.