இடது பக்கக் கதவு

எழிலரசி ஒன்று சொன்னால் சொன்னதுதான். எதிரில் நிற்கிறவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முடிவுசெய்து, அதை மூன்று தரம் சொல்லியும் முடித்திருப்பாள்.

மாதனூர்ப் பக்கத்துப் பெண்களை ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஏற்றிப் போகிற வேன் அவளுடையது. லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்ததில், பின்னுக்கு இழுத்துத் திறக்கிற இடது பக்கக் கதவு அப்பளமாகிவிட்டது. கதவைக் கழற்றிவிட்டு, குறுக்கே கயிறு கட்டி ஓட்டினாள். கம்பெனியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமை கதவோடு வரவில்லையென்றால் ட்ரிப் வேறு ஆளுக்கு. இந்த வேனை நம்பித்தான் அவள் கம்பெனி வேலையையே விட்டிருந்தாள். ட்ரிப் போனால் சோற்றுக்கு லாட்டரிதான்.

அவள் முன்பு வேலை பார்த்தது தோல் வெட்டுகிற கட்டிங் செக்‌ஷனில். அங்கே இரண்டு காலுக்கும் ஒரே பேட்டர்ன்தான், அட்டையில் வெட்டிய அளவு. நேராக வைத்து வெட்டினால் இடது கால் ஷூ, திருப்பிப் போட்டு வெட்டினால் வலது கால். அந்தப் பழக்கத்தில், பேக்கிங் பேப்பரை ஒட்டி, வேனின் கதவு வாசலில் வைத்துக் கதவுக்கும் ஒரு பேட்டர்ன் வெட்டிச் சுருட்டிக்கொண்டாள். கதவில்லாத வேனை வேலூர் டவுனுக்குள் விட்டால் போலீஸ் பிடிக்கும் என்று சனிக்கிழமை பஸ் ஏறி வேலூர் போனாள்.

சர்தார் பாஷாவின் காயலான் கடையில் அதே மாடல் கதவுகள் இரண்டு, இடது ஒன்றும் வலது ஒன்றும், சுவரில் சாய்ந்திருந்தன. கைப்பிடியையும் கண்ணாடியையும் ஏற்கெனவே கழற்றி விற்றாகிவிட்டதால், எது எந்தப் பக்கம் என்று சட்டெனத் தெரியவில்லை.

"இந்தாம்மா, இதான் லெஃப்ட்" என்று ஒன்றைக் காட்டினார்.

பேப்பரை விரித்து வைத்துப் பார்த்தாள். வளைவு உட்காரவில்லை. அடுத்ததில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அது இல்ல பாய். இதான் லெஃப்ட்."

"பசங்க கழட்டி வச்சாங்க, நான் ஊர்ல இல்ல. ஆனா பாத்தா..."

"பாக்கறத வுடுங்க பாய். கட்டிங்ல இருந்தவ நான். ஒரு நூல் ஜாஸ்தி கம்மின்னாலும் கையே சொல்லிடும்."

அவள் பேசிய தோரணையில் பாய்க்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவள் காட்டியதையே குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

ஞாயிறு காலை வெல்டர் வசந்த் கதவைத் தூக்கி வேனின் கதவு வாசலில் வைத்தான்.

"இன்னாக்கா இது, உள்ளாற வர்ற ரெக்சின் ரோட்ட பாக்குது?"

ரெக்சினை உள்பக்கம் திருப்பினால் வளைவு எதிர்த்திசைக்குப் போனது. எழிலரசி சுருட்டி வைத்திருந்த பேப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டிங்கில் பேட்டர்னுக்கு மேல்பக்கம் எது என்று முதலில் குறி போடுவார்கள். அவசரத்தில் குறி போடவில்லை. கடையில் பேப்பரைக் குப்புறப் போட்டு அளந்திருக்கிறாள். அட கடவுளே, ஆயிரக்கணக்கில் ஜோடி வெட்டின கை!

போலீஸாவது ஒன்றாவது என்று கதவை வேனுக்குள் போட்டுக்கொண்டு வேலூருக்கு ஓட்டினாள்.

கடையில் ஒருவர் பாயைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். காட்பாடியில் காய்கறி வேன் ஓட்டுகிற ஆரோக்கியசாமி. அவர் காலடியில் கிடந்தது நேற்று பாய் முதலில் காட்டிய கதவு.

"ரைட்டுனு சத்தியம் பண்ணி குடுத்தீங்களே பாய். என் பொழப்பையே பேஜார் பண்ணிட்டீங்க. கண்ணு தெரியலனா கடைய மூடுங்க."

எழிலரசியின் பேச்சை நம்பித்தான் பாய் அதை வலது என்று விற்றிருந்தார். பாய் அவள் வந்ததைப் பார்த்தார், வேனுக்குள் கிடந்த கதவையும் பார்த்தார். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரையைப் பார்த்தபடி திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கதவை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"அண்ணா, பாய திட்டாதீங்க. அவரு சரியாதான் சொன்னாரு. நான்தான் அடிச்சு பேசி அவர கொழப்பிவுட்டேன். உங்க கதவு என் வண்டில இருக்குது."

ஆரோக்கியசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பேசினா நானும் நம்பித்தான் இருப்பேன் போலக்குதே" என்றார்.

பாய் அப்போதுதான் நிமிர்ந்தார். "மாட்டிப் பாத்துட்டே போம்மா" என்றார். மூன்று பேருமாகத் தூக்கிப் பிடித்து, அவள் வேனில் கதவு ஓடுகிற தண்டவாளத்தில் ஏற்றினார்கள்.

எழிலரசி தன் வேனில் முதலில் ஏறுகிற பாரதிக்குப் போன் போட்டாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடு. நாளைக்கு நம்ம வேன்தான்."

"சரியான கதவுதானாக்கா?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, போனைக் கதவோரம் பிடித்து, மறு கையால் இழுத்து மூடினாள்.

"நீயே கேளு."