தத்துவம்: எடுத்துக்காட்டு தேவை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அகராதியில் 'தத்துவம்' என்ற சொல்லைத் தேடப் போனேன். போன வேலை நின்றது, இந்தக் கதை தொடங்கிவிட்டது. "ஆதியில் மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட…" என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

2

அகராதி அலுவலகத்தில் ஒரு பெண். (வீட்டிலும் அவளை அகராதிக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) அவள் மேசையில் அந்தச் சொல். முதல் பொருள்: உலகம், உயிர், அறிவு பற்றிய அடிப்படைச் சிந்தனை. அடுத்தது: ஒன்றுக்கு ஆதாரமான கொள்கை. பிறகு, பேச்சு வழக்கில், கேலியாக: வேலைக்கு நடுவே பேசும் பெரிய பேச்சு. கடைசிப் பொருளுக்கு எடுத்துக்காட்டாக, அவளே ஒருமுறை வீட்டில் போட்ட அதட்டலை எழுதினாள்: "தத்துவம் பேசாம ஸ்க்ரூவ முடுக்குங்க!"

பதிப்பாசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். "அதட்டல் இருக்கும்மா. அந்த மனுஷன் பேசின தத்துவம் எங்க? அதையும் போடுங்க."

அவளுக்கு நினைவில்லை. அன்று காதில் வாங்கினால்தானே! புனையவும் முடியாது, காதால் கேட்டதை மட்டுமே எழுதுவது அங்கே விதி.

3

அதட்டல் வாங்கியவர் அவள் கணவர். அவருடைய தம்பி குடும்பம் வந்திருந்தபோது, எல்லார் முன்னாலும். அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதன்பின் வாயைத் திறக்காமல் ஸ்க்ரூவை மட்டும் முடுக்குகிறார்; கதவுகளும் முனகுவதில்லை, அவரும் முனகுவதில்லை.

(ஒரு சொல்லுக்கா இவ்வளவு வீம்பு? இந்தப் பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆனால் என் வீட்டில் ஒருமுறை… வேண்டாம், விடுங்கள்.)

"அன்னிக்கு என்னங்க சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல."

அவளுக்கு அகராதி மறந்துபோனது. அந்த மனிதரின் உளறல் இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

4

முடிவு அ: மன்னிப்புக் கேட்கிறாள். (அழுகை வரும். தள்ளுபடி.)

முடிவு ஆ: ஞாயிறு காலை, அவர் குளிக்கும் நேரம் பார்த்து, அலமாரிக் கதவின் ஸ்க்ரூவை அவளே கழற்றுகிறாள்.

"ஏங்க, கதவு தொங்குது!"

அவர் ஸ்க்ரூ தலையில் புதுக் கீறலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இது தானா கழண்டுச்சா, யாராவது கழட்டினாங்களா?"

"அதெல்லாம் தத்துவம். எனக்கென்ன தெரியும்?"

அவர் சிரித்துவிட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, "இப்ப பாரு, ஒரு கதவுன்னு எடுத்துக்கிட்டா…" என்று தொடங்கினார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

5

அவர் சொன்னதை நான் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாம் புனைவு, விதிப்படி செல்லாது. கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் காதில் வாங்காமல் விட்டதை இன்று போய்க் கேட்டு நிரப்புங்கள்.

"………………"

அவசரமில்லை. ஸ்க்ரூவை யாரும் இன்னும் முடுக்கவில்லை.