டொனலன் பிரக்கிராசியின் குழி

அம்மா செத்த மறுநாள் காலை, அவளை எங்கே அடக்கம் செய்வதென்று தெரியாமல் மாதா கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. ஊரே என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. எனக்கோ கால்தான் வலித்தது.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. துறைமுகத்தடிப் பழைய சேமக்காலையில், டொனலன் பிரக்கிராசியின் குழியில் தன்னை வைக்க வேண்டும். டொனலன், வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்து திருகோணமலையில் குடியேறி, பிரக்கிராசியாக வழக்குப் பேசிப் பெயரெடுத்தவர். அம்மா பிறந்த குடும்பத்தின் பெயரும் டொனலன்தான். "நாங்கள் பிரக்கிராசி வீட்டு ஆக்கள்" என்று சொல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் விடியாது. ஒவ்வொரு நவம்பரிலும் அந்தக் குழிக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி கொளுத்துவோம். வெள்ளையடிப்பது நான். பெருமை அவளுக்கு.

அந்தச் சேமக்காலையில் இப்போது புதுக் குழிக்கு இடமில்லை. குடும்பக் குழியென்றால் திறக்கலாம், ஆனால் வம்சத்துக்குப் பதிவு காட்ட வேண்டும். அம்மாவின் அலுமாரியில் அவளுடைய பூட்டன் தோமாஸ் டொனலன் வரைக்கும் பதிவுத் துண்டுகள் இருந்தன. தோமாஸ் பிரக்கிராசியின் மகன் என்பதற்கு மட்டும் எதுவும் இல்லை. நாலு மணிக்குப் பிரேதம் எடுக்க வேண்டும்.

அலுவலகத்தில் வேலை செய்யும் றொஷானி பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை மெதுவாகப் புரட்டினாள். பதினொரு மணியளவில் தோமாஸ் அகப்பட்டான். அவள் புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள்.

தகப்பன், சவரிமுத்து, டொனலன் துரை வீட்டுக் குசினிக்காரன். ஞானத்தகப்பன், டொனலன்.

"அந்தக் காலத்தில ஞானத்தகப்பன்ட பேரையும் பிள்ளைக்குச் சேர்த்து வைக்கிறவை அக்கா," என்றாள் றொஷானி. "பிறகு அதுவே குடும்பப் பேராப் போயிடும்."

இருபத்தாறு வருடத்துக்கு முன் மெல்ரோய் என்னைப் பெண் கேட்டு வந்தான். ஹோட்டலொன்றில் சமையல் வேலை. அம்மா அவனுக்கு உட்காரக் கதிரைகூடக் கொடுக்கவில்லை. "குசினிக்காரனுக்குக் குடுக்கிறதுக்கு நாங்கள் பிரக்கிராசி வீட்டில பிறக்கேல்ல," என்றாள். அவன் கந்தளாய்க்குப் போய், அங்கேயே கல்யாணம் கட்டி, சாப்பாட்டுக் கடை போட்டான். நான் அம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

றொஷானி நல்ல பிள்ளை. தகப்பன் பெயரை விட்டுவிட்டு டொனலன் பெயரை மட்டும் எழுதித் தருவதாகவும், ஃபாதர் புத்தகத்தைத் திறந்து பார்க்கமாட்டார் என்றும் மெல்லச் சொன்னாள். நான் ஓம் என்றால் போதும், அம்மா ஆசைப்பட்ட இடத்தில் கிடப்பாள். அவளுக்காக ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். பாசமும் இல்லை, கோபமும் இல்லை.

"வேண்டாம். உள்ளதை அப்பிடியே எழுதுங்கோ," என்றேன்.

பெத்த தாயைப் பழிவாங்கிவிட்டாள் என்று ஊர் சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பழிதானா என்று எனக்கே தெரியாது.

ஊருக்கு வெளியே புதிய சேமக்காலையில், முன்பின் தெரியாத இருவருக்கு நடுவில் அம்மாவை வைத்தோம். மண் போடும்போதும் எனக்குக் கண் காய்ந்துதான் கிடந்தது.

வீடு திரும்பியபோது மேசையில் பெரிய சட்டிகள் இரண்டு இருந்தன. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, சாப்பாடு வெளியிலிருந்துதான் வரும். யார் தந்தது என்று பக்கத்து வீட்டு ரிப்காவிடம் கேட்டேன். கந்தளாயிலிருந்து மெல்ரோய் என்று ஒருவர் கொண்டுவந்தாராம். உள்ளே வரச் சொல்லியும் வராமல், வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். இரண்டு நாளாக நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். கறி நல்ல ருசி, உப்பும் அளவாக இருந்தது. மூன்றாவது வாயில் அழுகை வந்துவிட்டது.