பால் பொங்காத வண்டி

வீடு விற்றுப்போனதை வசுமதியிடம் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து திரும்பியபோது மாண்ட்ரியல் ரொக்ஸ்பரோ வீட்டு வாசலில் பனிக்குள் நட்டிருந்த பலகைதான் சொன்னது. விற்றாகிவிட்டது என்று பிரெஞ்சில், கொட்டை எழுத்தில். பத்து வருஷமாக மயக்க மருந்து கொடுக்கும் முன் நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கற்ற பிரெஞ்சு அன்றைக்கு அவளுக்கு வீட்டிலேயே உபயோகப்பட்டது.

மாகாணத்தைத் தனி நாடாகப் பிரிப்போம் என்ற கட்சி தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து அவள் புருஷன் ஆனந்தகிருஷ்ணனுக்குக் கை கால் ஓடவில்லை. கம்பெனி ஜூன் மாதம் டொராண்டோ போகிறது, அதற்குள் மாண்ட்ரியலில் வீட்டு விலை படுத்துவிடும் என்று எவனோ சொன்னானாம். கேட்ட முதல் ஆளுக்குத் தள்ளிவிட்டார். பத்திரம் அவர் பேரில் இருந்ததால் அவள் கையெழுத்து தேவைப்படவில்லை. கையெழுத்தே வேண்டாதவளிடம் பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"ஜூன் வரைக்கும் எங்கே இருக்கறதாம்?" என்று கேட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சாவியை ஆட்டிக் காட்டினார். மறுநாள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் ஹோம் வந்து நின்றது. இருபத்து நாலடி நீளம். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே. ஜனவரியில் வீட்டைக் காலி செய்ததும் புரோசார்ட் பக்கம் ஒரு மைதானத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், கரண்ட் அங்கேயே கிடைக்குமாம்.

"அஞ்சு மாசத்துக்கு எவன் வீட்லயோ போய் எதுக்கு இருக்கணும், வசு? அலமுவுக்கும் ஜாலியா இருக்கும்."

ஒன்பது வயது அலமு, தன் பியானோ எங்கே போகும் என்று இங்கிலீஷில் கேட்டாள். அப்பா வண்டியின் நீளத்தை மறுபடி சொன்னார்.

வேலை செய்வதில் அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர்க் குழாய்களுக்குச் சூடேற்றும் பட்டை சுற்றினார், தரைக்கு அடியில் தெர்மோகோல் பலகை வைத்தார், ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் ஒட்டினார். இரண்டு வாரம் வண்டியே கதியாகக் கிடந்தார். அந்த இரண்டு வாரத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்கு என்ன வேணும் என்று கேட்டிருந்தால் வசுமதி பாதி கோபத்தை விழுங்கியிருப்பாள். கேட்கவில்லை. சோதனைக்காக ஒரு நாள் மூன்று பேரும் அதில் இருந்து பார்ப்போம் என்று மட்டும் அறிவித்தார்.

அன்றைக்கு அவள் சாதம் வடித்து, ரசம் வைத்தாள். கொதித்த ஆவியெல்லாம் குளிர்ந்து, விடிந்தபோது சுவரெல்லாம் தண்ணீராக வழிந்தது. மெத்தை நனைந்து, அலமு தும்மிக்கொண்டிருந்தாள். கதவு சட்டத்தோடு உறைந்து ஒட்டிக்கொண்டதில் அவர் எட்டி உதைத்துத்தான் திறக்க முடிந்தது. குற்றம் வண்டியுடையது அல்ல, ரசத்துடையது என்று தீர்ப்பானது. அடுத்த நாளே ஆபீசில் டைப் அடித்த ஒரு தாளை அலமாரிக் கதவில் ஒட்டினார். முதல் விதி: உள்ளே எதுவும் கொதிக்கக் கூடாது. சாதம், ரசம், இட்லி மூன்றுக்கும் தடை. ரொட்டி வாட்டலாம், டப்பா பீன்ஸ் திறக்கலாம். மூச்சு விடுவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, மறந்திருப்பார்.

அந்தத் தாளைப் படித்த அன்றுதான் அவள் வேலை முடிந்து லாசாலுக்குப் போய் ஒரு ஃபிளாட்டைப் பார்த்தாள். மூன்றாம் மாடி, இரண்டு அறை, தொட்டால் சுடுகிற ரேடியேட்டர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள், சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னாள். வசுமதி இதை வீட்டில் மூச்சு விடவில்லை. ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு. ஆனந்தகிருஷ்ணன் பெண்டாட்டி தனியாகப் போய்விட்டாள் என்பதை எல்லார் வீட்டிலும் காபியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அதை நினைத்தால் போக வேண்டாம் என்று தோன்றியது. அலமுவை அந்த ஈர மெத்தையில் படுக்க வைப்பதை நினைத்தால் போய்விடலாம் என்று தோன்றியது.

அந்தச் சனிக்கிழமையே ஆனந்தகிருஷ்ணன் வண்டிக்குக் கிரகப்பிரவேசம் வைத்தார். பஞ்சாங்கத்தைக் கேலி பண்ணுகிறவர்தான். ஆனால் அடுத்த வாரம் மார்கழி பிறந்துவிடுகிறதே! கெமிஸ்ட்ரி புரொபசர் சண்முகவேலையும் அவர் மனைவி கிரிஜாவையும் மூன்று மணிக்கு வரச் சொன்னார். பனியில் மாக்கோலம் தெரியாது என்று கிரிஜா படிக்கட்டருகே மஞ்சள்பொடியால் கோலம் போட்டாள். பிள்ளையார் படத்தை ஸ்டியரிங்குக்கு மேலே சாய்த்துவிட்டு, ஐந்து பேரும் முட்டி இடிக்க நின்றார்கள். வசுமதி அடுப்பைப் பற்றவைத்துப் பால் பாத்திரத்தை ஏற்றினாள்.

"வசு, வெதுவெதுப்பானதும் அணைச்சுடு. பொங்க விட்டுடாதே, ஆவி வந்துடும்" என்றார் அவர்.

கிரிஜா சிரித்துவிட்டாள். "பொங்கலைன்னா எப்படிங்கண்ணா?"

"சம்பிரதாயத்துக்குத்தானேம்மா. அடுப்புல ஏத்தினா போறாதா?"

வசுமதிக்குக் காது மடலெல்லாம் சுட்டது. டக்கென்று அடுப்பை அணைத்தாள்.

"இன்னும் சூடே ஏறலையே" என்றார்.

"பால் பொங்கினாத்தான் வீடு. பொங்கக்கூடாதுன்னு நீங்களே டைப் அடிச்சு ஒட்டிட்டேள். அப்போ இது வீடு இல்லை, உங்க வண்டி. நீங்க ஓட்டிண்டு போங்கோ."

"எல்லார் முன்னாடியும் என்ன இது? அப்புறம் பேசிக்கலாம்."

"எப்போ அந்த அப்புறம்? வீட்டை வித்தேளே, அதுக்கு அப்புறமா? வண்டி வாங்கினேளே, அதுக்கு அப்புறமா? கொழந்தை ஈரத்துல படுத்துண்டு தும்மித்தே, அதுக்கும் அப்புறமா?" அவள் குரல் தகரச் சுவரில் மோதித் திரும்பியது. சண்முகவேல் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனந்தகிருஷ்ணன் முகம் சிவந்து கத்தினார். "உனக்கு என்னதான்டி வேணும்?"

கேட்டேவிட்டார். இத்தனை நாள் அவள் காத்திருந்த கேள்விதான், ஆனால் எரிந்து விழுந்து, பதில் வேண்டாதவர் கேட்கிற மாதிரி. வசுமதி பதிலைச் சொன்னாள்.

"லாசால்ல மூணாம் மாடி. ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். என் கையெழுத்து."

அலமுவின் கோட்டை எடுத்து மாட்டிவிட்டாள். பால் பாத்திரத்துக்கு மூடி போட்டாள்.  கிரிஜா தன் கார் சாவியைத் தேடி எடுத்தாள்.

"கிரிஜா, இது அவங்க குடும்ப விஷயம்" என்றார் சண்முகவேல்.

"நீங்க பேசாம இருங்க. அக்கா, அந்தப் பாலை இங்க குடுங்க, மடியில வெச்சுக்கறேன். காரை நீங்க ஓட்டுங்க. உங்களுக்குத்தானே வழி தெரியும்."

லாசாலில் கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காலி வீட்டில் குரல் எதிரொலித்தது. அடுப்பின் கம்பிச்சுருள் சிவக்க, பால் ஓரத்தில் நுரைத்து மெல்ல ஏறியது. விளிம்புக்கு வந்ததும் அலமு அலறிக்கொண்டு அடுப்புக் குமிழைத் திருகி அணைக்கப் போனாள். வசுமதி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்து புகைந்தது. தீய்ந்த வாசனை அறை முழுக்க நிறைந்தது. ஜன்னலில் ஆவி படிந்து வெள்ளையானது. அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அழுகை வந்தது, இரண்டையும் அவள் அடக்கவில்லை.

கீழே ஹார்ன் அடித்தது. அலமு கண்ணாடியைத் துடைத்து எட்டிப் பார்த்தாள். இரண்டு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு மோட்டார் ஹோம் நின்றது. பின்னாலேயே வந்திருக்கிறார். ஹார்ன் மறுபடியும் அடித்தது.

"அம்மா, அப்பா! மேலே வரச் சொல்லட்டுமா?"

கிரிஜா கைப்பையில் கொண்டுவந்திருந்த டம்ளர்கள் நாலு. வசுமதி மிச்சப் பாலை மூன்றில் ஊற்றினாள்.

"ஹார்ன் அடிக்கறதை நிறுத்திட்டு, ஏறி வந்து, கதவைத் தட்டி, உள்ள வரலாமான்னு கேக்கட்டும்."

"கேட்டா விடுவியா?"

"முதல்ல கேக்கட்டும்."